பேட்டரியைக் கழற்றிக் காட்டுங்கள்: மின்சைக்கிள் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் மின்சைக்கிள்களை இறக்குமதி செய்வோருக்கும் கடை வைத்து விற்போருக்கும்,

வணக்கம்.

நான் ஈசூனில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவன். வயது 57. பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக 26 ஆண்டுகள் கழித்தவன் என்பதால் வோல்ட், ஆம்பியர் என்றால் மிரளமாட்டேன். மூன்றரை ஆண்டுகளாகச் செனோக்கோ பக்கம் இருக்கும் ஒரு பட்டறைக்கு மின்சைக்கிளில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். இப்போது பஸ்ஸில் போகிறேன். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சக்கரம் சுழல்கிறது, பிரேக் பிடிக்கிறது, மோட்டாரில் பழுதில்லை. பேட்டரி மட்டும் செத்துவிட்டது. அந்தப் பேட்டரியை நீங்கள் எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. "பேட்டரி எங்கே?" என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே, கைப்பிடியிலிருந்து மிதிகட்டைப் பக்கம் சாய்வாக இறங்கும் தடித்த குழாயை விரலால் தட்டிக் காட்டினார். டொக் என்று அடைத்த ஓசை. "உள்ளே இருக்கிறது, அங்கிள். வெளியே ஒன்றும் தெரியாது." எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. கழற்ற முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும் என்று இப்போது தெரியும். சென்ற மாதம் வேறு மூன்று கடைகளில் அதே கேள்வியைக் கேட்டேன். இரண்டு கடைகளில், "எதற்குக் கழற்ற வேண்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

எதற்கு என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், இல்லையென்றால் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவீர்கள். பேட்டரியைச் சட்டகத்துக்குள் வைப்பது நல்ல யோசனை. எனக்கு இதற்கு முன் இருந்த வண்டியில் பேட்டரி பின்சக்கரத்துக்கு மேலே, அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி வைத்தது போல உட்கார்ந்திருக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் வண்டியின் பின்பக்கம் தனியாக ஒரு குதி குதிக்கும். வயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தப் பட்டை வெயிலில் காய்ந்து ஒரு நாள் தானே அறுந்துவிடும். சாய்வுக் குழாய்க்குள் போனபின் எடை கீழே இறங்கிவிட்டது, நடுவுக்கும் வந்துவிட்டது. வண்டி சாதாரண சைக்கிள் போலவே வளைந்து திரும்புகிறது. மழையும் நேராகப் படுவதில்லை. 2017இல் பாஷ் நிறுவனம் 500 வாட்-மணி (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) கொண்ட பேட்டரியை நீளக் குழாய் வடிவில் செய்து சட்டகத்துக்குள் ஒளித்துக் காட்டிய பிறகு, ஐரோப்பிய வண்டிகள் பலவும் அந்தத் தோற்றத்துக்கு மாறின. இன்று நம் கடைகளுக்கு வரும் சீனத் தயாரிப்புகளிலும் அதே சாயல்தான். அழகு என்றால் அழகுதான்.

ஆனால் அந்த 2017 வடிவத்திலேயே கவனிக்க வேண்டிய ஒன்று இருந்தது. பேட்டரி உள்ளே இருந்தாலும் சாவி போட்டால் வெளியே வரும். சாவியைத் திருப்பியதும் அது சற்றே இறங்கி ஒரு கொக்கியில் நிற்கும். கையால் தாங்கிக்கொண்டு அந்தக் கொக்கியை விடுவித்தால்தான் முழுவதும் கைக்கு வரும். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைந்த கட்டை காலில் விழுந்துவிடாதபடி யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். உள்ளே ஒளிப்பது ஒரு வேலை, உள்ளேயே பூட்டிவிடுவது வேறு வேலை. உங்கள் விளம்பரத் தாள்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் இருக்கிறது.

மடிக்கும் வண்டிகளில் இதைவிட நேர்த்தியான ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். நடுக்குழாயை மடித்ததும் அதன் வாய் திறந்துகொள்ளும். உள்ளே பேட்டரியின் முனையில் ஒரு பட்டைக் கைப்பிடி இருக்கும். உறையிலிருந்து வாளை உருவுவது போல இழுத்துவிடலாம். இன்னொரு வகையில் பேட்டரி இருக்கைத் தண்டுக்குள்ளேயே இருக்கிறது. இருக்கையோடு பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இருக்கை இல்லாத வண்டியைத் திருட எவனும் அவசரப்படமாட்டான் என்பது உபரி லாபம். இதையெல்லாம் செய்தவர்களுக்கு அழகுணர்ச்சி இல்லாமல் போய்விடவில்லை.

பின் ஏன் சிலர் பூட்டிவிடுகிறார்கள்? பொறியியல் காரணம் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. குழாயின் ஒரு பக்கத்தை நீளமாக வெட்டித் திறந்தால் அதன் முறுக்கு வலு குறைந்துவிடும். அதை ஈடுகட்டச் சுவரைத் தடிப்பாக்க வேண்டும், எடை கூடும். வெட்டாமல் மூடியே வைத்துவிட்டால் சட்டகம் இலேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். பந்தய சைக்கிள் வடிவத்தில் வரும் மெல்லிய வண்டிகளில் இது பொருந்தும். 250 வாட்-மணிப் பேட்டரியும் பின்சக்கர மோட்டாரும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரைக் கிலோவில் முடித்துவிடும் அமைப்புகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பூங்காவைச் சுற்றிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவருக்கு அது போதும். நான் வாங்கியது அப்படிப்பட்ட வண்டி இல்லை. முன்னே கூடை, பின்னே சரக்குத் தட்டு, அகலச் சக்கரம், எடை 20 கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு. அதில் பேட்டரியைப் பூட்டி வைத்ததற்கு, சாவித்துளையும் கொக்கியும் வைக்கும் செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பேட்டரி செத்த கதைக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நிற்கத் தொடங்கியது. திரையில் பாதி இருப்பு காட்டும். செம்பவாங் பக்கம் ஒரு மேட்டில் மிதிக்கும்போது பட்டென்று அணைந்துவிடும். எனக்குத் தெரிந்த பழுதுபார்க்கும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்ப்பவர் புதுக்கோட்டைக்காரத் தம்பி. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது திறப்பதற்காகச் செய்த வண்டி இல்லை" என்றார்.

தலைகீழாக நிறுத்தினார். மிதிகட்டை இரண்டையும் கழற்றினார். கீழே ஒரு மூடி, அதில் நட்சத்திரத் தலை கொண்ட ஆறு திருகுகள். ஒன்று துருவேறித் தலை மழுங்கிப் போயிருந்தது. அதைத் துளைபோட்டுத்தான் எடுக்க முடிந்தது. சார்ஜர் சொருகும் துளையின் ரப்பர் மூடி தளர்ந்து நாக்கைப் போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தது. வடிவமைத்தவர் அந்தத் துளையை மேல்நோக்கி வைத்திருக்கிறார், மழைநீரை ஏந்திப் பிடிக்கும் கிண்ணம் போல! நவம்பர், டிசம்பரில் நம் ஊரில் எப்படி மழை பெய்யும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, நீலப் பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு நீளக் கட்டை, ஈரமும் எண்ணெயும் கலந்த வாடையோடு வெளியே வந்தது.

என் பழைய தொழிலின் பழக்கத்தில் மல்டிமீட்டரை எடுத்துப் போயிருந்தேன். 36 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே பத்து வரிசைகள். என்னுடையதில் வரிசைக்கு நான்கு செல்கள், அதாவது குட்டிப் பேட்டரிகள், மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றும் நம் சுண்டுவிரல் நீளம், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். முழுதாக மின்னேற்றினால் வரிசைக்கு 4.2 வோல்ட் வீதம் 42 வோல்ட் வரும். ஒவ்வொரு வரிசையாக அளந்தேன். ஒன்பது வரிசைகள் நான்குக்கு மேல் காட்டின. ஒன்று மட்டும் இரண்டுக்கும் கீழே. ஒரு வரிசை படுத்துவிட்டால், பாதுகாப்புக்காக வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை மொத்தத்தையும் அணைத்துவிடும். அது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: நாற்பதில் நான்கு செல்கள் போனதால் முழு வண்டியும் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

வாங்கிய கடையைக் கேட்டேன். அந்த மாதிரி இப்போது வருவதில்லை, பேட்டரி இருப்பு இல்லை, புது வண்டி வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். பிறகு ஒரு நண்பர், ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கும் ஆளைக் காட்டினார். அவர் புது செல்களை வைத்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். 150 வெள்ளி. நான் ஆசைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. பணத்தைக்கூட எடுத்துவிட்டேன். மேசையில் கிடந்த செல்களைப் பார்த்தேன். எந்த உறையிலும் பெயர் இல்லை. மூன்று வயதான முப்பத்தாறு செல்களோடு நான்கு புதியவற்றைக் கோத்தால் அவை சமமாக ஏறவும் மாட்டா, இறங்கவும் மாட்டா. அந்தக் கட்டையை வைத்துக்கொண்டு ஒன்பதாம் மாடியில் நானும் மனைவியும் மாமியாரும் தூங்க வேண்டும். பணத்தைச் சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லோரும் அப்படித் திரும்பி வருவார்கள் என்று நம்பாதீர்கள். என் அக்காள் மகன் உணவு விநியோகம் செய்கிறான். பகலும் மாலையும் சேர்த்து ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடுவான். அவன் வண்டியும் பூட்டிய வகைதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி, அதாவது 360 வாட்-மணி. கிலோமீட்டருக்கு ஒன்பது, பத்து வாட்-மணி போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் தீர்ந்துவிடும். உங்கள் சார்ஜர் தருவது 2 ஆம்பியர். 42 வோல்ட்டோடு பெருக்கினால் 84 வாட். 360ஐ 84ஆல் வகுத்துப் பாருங்கள், நாலே கால் மணி நேரம். கடைசிக் கட்டத்தில் மெதுவாக ஏறுவதையும் சேர்த்தால் ஐந்து மணி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தீர்ந்துபோன வண்டியை இராச்சாப்பாட்டு நேரத்துக்குள் ஏற்றி முடிப்பதற்கே திண்டாட்டம். கழற்றும் வகையாக இருந்தால் காலையிலேயே இன்னொரு அசல் பேட்டரியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவான். முடியாததால் அவன் சகாக்கள் சிலர் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பின் தட்டில், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில், இணையத்தில் வாங்கிய ஒரு கறுப்புக் கட்டை. அதிலிருந்து ஒரு வயர். நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதித்து ஆரஞ்சு முத்திரை ஒட்டிய வண்டியில் அப்படி மாற்றம் செய்யக் கூடாது. அது குற்றம், ஆபத்தும்கூட. அந்தப் பிள்ளைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த வயருக்குத் துளை போடும்படி அவர்களைத் தள்ளியதில் உங்கள் வடிவத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்கிறேன்.

2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர் ஓட்டத் தடை வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விநியோகத் தொழிலாளர்கள் வேறு வாகனத்துக்கு மாறுவதற்கு 70 இலட்சம் வெள்ளி உதவித் திட்டம் வந்தது. மின்சைக்கிளுக்கு மாறியவர்களுக்கு ஆயிரம் வெள்ளி வரை கிடைத்தது. அன்று உங்கள் கடைவாசலில் வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்றவர்கள் தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்குத் தோதான வண்டி எது என்று யோசிக்க உங்களுக்குப் பல ஆண்டுகள் கிடைத்தன.

இனி வீட்டுக்குள் வாருங்கள். நம்மில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், மாடியில் இருக்கிறோம். பேட்டரி கழற்ற வராது என்றால் முழு வண்டியும் மேலே வந்தாக வேண்டும். கீழ்த்தளத்து மின்செருகியில் சொருகினால் அது நகர மன்றத்தின் மின்சாரம். நான் அந்த வேலைக்குப் போகமாட்டேன். ஆகவே தினமும் மாலையில் 20 கிலோ வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்பது போலப் பிடித்துக்கொண்டு மின்தூக்கிக்குள் நுழைவேன். ஐந்தாம் மாடிச் சீனப் பாட்டி காய்கறித் தள்ளுவண்டியோடு மூலையில் ஒடுங்கிக்கொள்வார். மழை நாளில் முன்சக்கரத்துச் சேறு அவர் செருப்பில் சொட்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அதுவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வீட்டு வாசலில் விடலாமா? தீயணைப்பு வழிக்காகப் பொது நடைவழியில் 1.2 மீட்டர் விட்டுவைக்க வேண்டும். வண்டி உள்ளேதான் வரவேண்டும். நாலறை வீட்டில் ஒரு சைக்கிள் நிற்க எங்கே இடம் இருக்கும்? கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில். அதுதான் வீட்டுக்குள் நுழையும் வழி, ஓடும் வழியும் அது ஒன்றுதான். குடிமைத் தற்காப்புப் படை என்ன சொல்கிறது? வெளியேறும் வழியை மறித்து மின்னேற்றம் செய்யாதீர்கள். ஆள் கவனிக்காதபோது, இரவு முழுவதும், சொருகி வைக்காதீர்கள். அசல் இல்லாத பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். மூன்றும் நல்ல அறிவுரைகள். நீங்கள் விற்ற வண்டியை வைத்துக்கொண்டு மூன்றில் ஒன்றைக்கூட என்னால் முழுதாகக் கடைப்பிடிக்க முடியவில்லை. கதவருகில்தான் வண்டி நிற்கும். வேலை முடிந்து ஏழு மணிக்குச் சொருகினால் நள்ளிரவுக்குத்தான் முடியும். அசல் பேட்டரியோ கிடைக்கவே இல்லை.

மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் போன்ற நடமாட்டச் சாதனங்களால் மூண்ட தீச்சம்பவங்கள் 2022இல் 42; 2023இல் 55; 2024இல் 67. ஒரு செல் கட்டுமீறிச் சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடேற்றும், அது அடுத்ததை. நாற்பது செல்கள் என்றால் சரவெடிதான். பட்டாசு வெடிப்பதை 1972இல் தடை செய்த ஊரில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம்.

கழற்றும் பேட்டரி தீப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அதை எங்கே வைப்பது என்று நான் முடிவு செய்யலாம். சமையலறையில், துணி, அட்டைப்பெட்டி எதுவும் அருகில் இல்லாத தரையோட்டின் மேல், மனைவி தோசை ஊற்றும்போது கண்பட வைக்கலாம். அது உப்பியிருக்கிறதா, கீறியிருக்கிறதா, பிளாஸ்டிக் உறை கருகியிருக்கிறதா என்று வாரம் ஒரு முறை புரட்டிப் பார்க்கலாம். குழாய்க்குள் கிடப்பது உப்பினால் யார் பார்ப்பது? இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான லித்தியம்-அயன் செல்களை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றக் கூடாது என்பது தயாரிப்பாளர்களே போடும் வரம்பு. பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற கறுப்பு அலுமினியக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். உள்ளே இருப்பது ஆறிவிட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் எடுத்தால் தெரியும்.

வெளிநாட்டில் இதைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல், மின்சைக்கிள் போன்ற இலகு வாகனங்களின் பேட்டரியைத் தயாரிப்பாளரைச் சாராத தொழில்நுட்பரும் எளிதாக எடுத்து மாற்ற வழி இருக்க வேண்டும். பேட்டரியை மட்டுமன்றி, அதற்குள் இருக்கும் தனிச் செல்களையும்! இதைப் படித்தபோது அந்தப் புதுக்கோட்டைத் தம்பியின் மழுங்கிய திருகுதான் என் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு வண்டி செய்து தரும் ஆலைகள் ஐரோப்பாவுக்கும் அனுப்புகின்றன என்றால், அங்கே திறக்கும் மூடி இங்கே மட்டும் ஏன் திறக்கக் கூடாது?

அங்கேயும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய வேன்மூஃப் என்ற நிறுவனத்தின் வண்டி ஒரு காலத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்த வண்டி. எஸ்3 என்ற மாதிரியில் 504 வாட்-மணிப் பேட்டரி குழாய்க்குள் பூட்டியிருந்தது. வெளியே ஒரு வயர் தெரியாது. பூட்டுகூடக் கைபேசிச் செயலியோடு பேசியது. 2023 ஜூலையில் நிறுவனம் நொடித்துப்போனது. உதிரிப் பாகம் எங்கே வாங்குவது, நிறுவனத்தின் கணினி நின்றுவிட்டால் செயலி வேலை செய்யுமா என்று வாங்கியவர்கள் தவித்தார்கள். போட்டி நிறுவனம் ஒன்று, அவரவர் வண்டியின் மின்னணுச் சாவியை எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ள அவசரமாகச் செயலி செய்து கொடுத்தது. பிறகு வேறொருவர் நிறுவனத்தை வாங்கி நடத்துகிறார் என்பது வேறு கதை. அத்தனை பெரிய பெயருக்கே அந்தக் கதி என்றால், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாதிரியையும் பெயரையும் மாற்றும் வண்டிகளை வாங்கும் நாங்கள் எந்த நம்பிக்கையில் வாங்குவது?

நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் இடையில் ஒரு வார்த்தை, அவர்கள் இதைப் படித்தால். மோட்டார் 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிட வேண்டும், எடை 20 கிலோவுக்குள், மிதித்தால்தான் மோட்டார் இயங்க வேண்டும், ஈஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட வேண்டும் என்று நீங்கள் பார்ப்பதெல்லாம் சரி. 2022 முதல் ஓட்டுநர்களுக்கு எழுத்துத் தேர்வும் வைத்தீர்கள். நானும் எழுதித் தேறினேன். பேட்டரி எங்கள் கைக்கு வருமா என்ற கேள்வியையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். புளோக்கின் கீழே, பேட்டரி மட்டும் நுழையும் அளவுக்குத் தீத்தாங்கும் அலமாரிகளை வைத்து மின்னேற்ற வசதி செய்வதானாலும், முதலில் பேட்டரி வண்டியை விட்டு வெளியே வந்தாக வேண்டுமே.

மறுபடியும் உங்களிடம். நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. விலைச்சீட்டில் வேகம், தூரம், நிறம் எல்லாம் போடுகிறீர்கள். அதிலேயே பேட்டரி கழலுமா, எத்தனை வாட்-மணி, மாற்றுப் பேட்டரி இன்று என்ன விலை, எத்தனை ஆண்டு வரை கிடைக்கும் என்று நான்கு வரி சேருங்கள். மாற்றுப் பேட்டரியின் விலையைப் பார்த்து வாங்குபவர் பின்வாங்குவார் என்று பயப்படுகிறீர்களா? பின்வாங்கட்டும். மூன்று ஆண்டு கழித்து அவர் தொழிற்பேட்டையின் நான்காம் மாடிக்குப் போவதைவிட இன்று பின்வாங்குவது நல்லது. எங்கள் ஊர் மழைக்கு ஏற்றபடி சார்ஜர் துளையைப் பக்கவாட்டில் வைத்து, மூடியைத் திருகும் வகையாகச் செய்யச் சொல்லுங்கள். ஒரு மூடிக்கு எத்தனை காசு ஆகிவிடப்போகிறது! பேட்டரியில் ஒரு கைப்பிடி வையுங்கள். அறுபது வயதுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குப் போகப்போகிறார்.

மாதிரியை நிறுத்தும்போது அதன் பேட்டரியையும் அன்றே நிறுத்தாதீர்கள். இதுதான் முக்கியம், மற்றதில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பொறுத்துக்கொள்வேன். குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் அதன் ரப்பர் பட்டை பத்து ஆண்டு கழித்தும் கிடைக்கிறது. அதைவிட விலைகூடின வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலேயே பேட்டரி இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வருகிறது? ஒரே வடிவப் பேட்டரியை நான்கைந்து மாதிரிகளுக்குப் பொதுவாக வைத்தால் உங்களுக்கும் இருப்பு வைப்பது சுலபம்.

பழைய வண்டியை என்ன செய்வது என்று கேட்டால் அதற்காவது வழி இருக்கிறது. 2021 ஜூலை 1 முதல் மின்னணுக் கழிவுகளைச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் சட்டம் வைத்திருக்கிறது, மின்சைக்கிளும் அதில் அடக்கம். செத்த பேட்டரியை வாங்கிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, உயிருள்ளதைத் தர இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் நானும் அக்காள் மகனும் மறுபடி கடை ஏறப்போகிறோம். அவனுக்கு ஒரு வண்டி, எனக்கு ஒன்று. வேகம் எவ்வளவு என்று கேட்கமாட்டோம். அது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். விற்பனையாளர் குழாயைத் தட்டிக் காட்டினால், கையில் சாவியைக் கொடுத்து, "கழற்றிக் காட்டுங்கள்" என்று சொல்வேன். ஒரு நிமிடத்துக்குள், திருப்புளி இல்லாமல், பேட்டரி மேசை மேல் வந்தால் அன்றே பணம் கட்டிவிடுவோம். சனிக்கிழமை ஈசூனில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முன் உங்கள் ஆட்களுக்கு ஒரு முறை பயிற்சி கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர்
ஈசூன், சிங்கப்பூர்